பெரிய வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு பொருந்துமா?

கேள்வி: புறநகர்ப் பகுதி ஒன்றில் எங்கள் பெற்றோர் விட்டுச் சென்ற 4,500 சதுர அடி வீடு, உடன்பிறந்தோர் மூவருக்கும் பொதுவாக இருக்கிறது. அக்கா அங்கேயே தொடர்ந்து வாழ விரும்புகிறார். எனக்கும் தம்பிக்கும் உரிய பங்கைப் பணமாகத் தந்துவிடுவதாகச் சொல்கிறார். சுற்றிலும் உள்ள வீடுகள் பெரும்பாலும் 2,000 சதுர அடி அளவிலானவை. இரு தரகர்கள் சொன்ன விலைகளுக்கிடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது. இணையதளம் காட்டும் மதிப்பு இரண்டோடும் ஒட்டவில்லை. யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி மதிப்பை எப்படிக் கணிப்பது?

பதில்: உங்கள் தரகர்களில் அதிக விலை சொன்னவர், அந்தப் பகுதியில் சதுர அடிக்கு நடக்கும் விலையை எடுத்து 4,500ஆல் பெருக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். பெரிய வீடுகளின் மதிப்பீட்டில் மிக அதிகமாக நேரும் பிழை இதுதான். பங்கு பிரிக்கும் குடும்பத்தில் இந்தப் பிழையின் சுமை வீட்டை வைத்துக்கொள்பவர் தலையில் விழும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே அளவு மனையில், ஒரே வயதுள்ள இரண்டு வீடுகள் உங்கள் தெருவில் விற்றதாக வைத்துக்கொள்வோம். விலையை ரூபாயில் சொல்லாமல் 'அலகு' என்று வைத்துக்கொண்டால், 2,000 சதுர அடி வீடு 100 அலகுக்கும், 2,500 சதுர அடி வீடு 112 அலகுக்கும் போயின. முதல் வீட்டில் 20 சதுர அடிக்கு ஓர் அலகு விழுகிறது. ஆனால் கூடுதலாகக் கிடைத்த 500 சதுர அடிக்கு வாங்கியவர் கொடுத்தது 12 அலகுதான், அதாவது ஏறத்தாழ 42 சதுர அடிக்கு ஓர் அலகு. மனை, சமையலறை, தண்ணீர் இணைப்பு, தெருவின் நற்பெயர் ஆகியவற்றுக்கான விலை முதல் 2,000 சதுர அடியிலேயே அடங்கிவிட்டதால், அதன்மேல் சேர்வது வெறும் அறைகளின் விலையே. சராசரி விலையால் பெருக்கினால் உங்கள் வீடு 225 அலகு; கூடுதல் பரப்புக்கு உண்மையில் கிடைத்த விலையைக் கொண்டு கணக்கிட்டால் 160 அலகு. ஐந்தாவது, ஆறாவது படுக்கையறையைத் தேடும் குடும்பங்கள் குறைவு என்பதால், அந்த 160கூடச் சற்று மிகையாக இருக்கலாம்.

ஆகவே இரண்டு சிறிய வீடுகளிலிருந்து நீட்டிப் போட்ட கணக்கோடு நிறுத்தாமல், பெரிய வீடு ஒன்று உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். பக்கத்தில் அப்படி விற்பனை இல்லையென்றால், ஐந்தாண்டுப் பழைய விற்பனையைத் தோண்டுவதைவிட, உங்கள் வீட்டை வாங்க நினைப்பவர் அதற்கு மாற்றாகப் பார்க்கக்கூடிய வேறொரு புறநகரின் அண்மை விற்பனையை எடுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. வேலைக்குப் போய்வர ஆகும் நேரமும் பள்ளிகளின் தரமும் அங்கு ஒத்திருக்க வேண்டும். கேட்கப்படும் விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விற்று முடிந்த விலை மட்டுமே சான்று. திருத்தம் செய்யும்போது எப்போதும் ஒப்பிடும் வீட்டின் விலையைத்தான் திருத்த வேண்டும்: அதில் உங்கள் வீட்டில் இல்லாத வசதி இருந்தால் கழிக்க வேண்டும், உங்களிடம் உள்ளது அங்கே இல்லையென்றால் கூட்ட வேண்டும். அனுபவமுள்ளவர்களும் இதை மாற்றிப் போட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இணையதளத்தின் கணிப்பு ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். வீட்டின் விலை அதன் பல பண்புகளுக்குச் சேர்த்துத் தரப்படும் விலை என்ற கருத்தை 1974இல் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் கோட்பாடாக வகுத்தார். அந்த வழியில் அமைந்த கணிப்புகள், ஒரே மாதிரி வீடுகள் நிறைய விற்கும் இடத்தில் நன்றாக வேலை செய்கின்றன. சுற்றுப்புறத்தோடு ஒவ்வாத பெரிய வீட்டில் தடுமாறுகின்றன.

மனையைத் தனியாகப் பாருங்கள். அது அண்டை மனைகளைவிடப் பெரிதாக இருந்தால், உபரி நிலத்தைச் சட்டப்படி பிரித்து, தனி வழியோடு விற்க முடியுமா என்று உள்ளாட்சியில் எழுத்து மூலம் கேளுங்கள். முடியும் என்றால் அது ஒரு தனி மனையின் மதிப்பு. முடியாது என்றால் பெரிய தோட்டம் மட்டுமே, அதற்கு வாங்குபவர் தரும் கூடுதல் தொகை மிகவும் சிறியது.

இனி சுற்றுப்புறம். நடுத்தர அளவு வீடுகளுக்கு நடுவே நிற்கும் பெரிய வீட்டை அக்கம்பக்கம் கீழே இழுக்கும்; அதே வீடு பெரிய வீடுகள் உள்ள தெருவில் இருந்தால் அதிக விலை போகும். வார நாளின் காலை நெரிசலில் ஒரு முறையும், இரவில் ஒரு முறையும், பலத்த மழைக்குப் பின் ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். வெள்ளம், ஓசை, வரவிருக்கும் சாலை ஆகியவை வீட்டுக்காரர் பணம் செலவழித்துச் சரிசெய்ய முடியாத குறைகள் என்பதால், கூரையில் உடைந்த ஓடுகளைவிட அவை அதிகம் எடை பெறும். பழைய வீடுகளை வாங்குபவர்கள் உடனே இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். அப்படி நடந்தால் அங்கே விலை போவது நிலம்தான். உங்கள் 4,500 சதுர அடி எதையும் சேர்க்காமல் போகலாம், இடிக்கும் செலவு நில விலையிலிருந்தே கழியலாம்.

புதிதாகக் கட்ட ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்து, நில மதிப்பைக் கூட்டும் முறையை உச்ச வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் செலவழித்த தொகையும் சந்தை திருப்பித் தரும் தொகையும் ஒன்றல்ல. அதை ஏற்றுக்கொள்வது மனத்துக்குக் கடினம் என்பதை அறிவேன்.

முடிவில் கையில் இருக்க வேண்டியது ஒரே எண் அல்ல, குறைந்த மதிப்பும் அதிக மதிப்பும் கொண்ட ஒரு வரம்பு. விலையோடு கட்டணம் இணைக்கப்படாத மதிப்பீட்டாளர் ஒருவரை மூவரும் சேர்ந்து அமர்த்தி, செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியின் மதிப்பு வேண்டும் என்பதை அவர் வேலையைத் தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுங்கள். பெற்றோர் மறைந்த நாளா, பங்கு கைமாறும் நாளா என்பது பின்னால் தீர்மானிக்கப்பட்டால், சந்தை எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கத்து ஆளுக்குச் சாதகமாக அது தோன்றும். ஒப்பீட்டுக்கு அவர் எடுத்த வீடுகளை மூவரும் ஒன்றாகப் போய் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு, அதன்பின் எண்ணைப் பற்றிப் பேச உட்காருங்கள்.