டெலைலாவிடம் யாரும் கேட்கவில்லை

அன்புள்ள ஐயா,

போன வாரம் 'அன்ஃபர்கிவன்' என்ற ஹாலிவுட் வெஸ்டர்ன், அதாவது பழைய அமெரிக்க மேற்கில் நடக்கும் துப்பாக்கிப் படம், பார்த்தேன். கடைசியில் வில்லியம் மன்னி மதுக்கூடத்துக்குள் நுழைந்து சுட ஆரம்பித்ததும் என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கொன்றவன் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். அவனுக்கா கைதட்டினேன்? ஷெரிஃப் லிட்டில் பில்லும் முழுக் கெட்டவன் இல்லை. ஊருக்குள் துப்பாக்கி கூடாது என்கிறான், தன் கையாலேயே வீடு கட்டுகிறான். பழிவாங்குவது தப்பு என்று சொல்ல வந்த படம், முடிவில் அதையே கொண்டாடிவிட்டதா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கைதட்டியதற்காக வருந்தாதீர்கள். மழை, இருட்டு, வாசலில் துப்பாக்கியோடு ஒற்றை ஆள் என்று, படத்தை இயக்கி மன்னியாகவும் நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்தக் கட்டத்தைக் கைதட்ட வைக்கும்படிதான் எடுத்திருக்கிறார். டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுபதுகளில் எழுதிய திரைக்கதை இது. அந்தப் பாத்திரத்துக்கு வேண்டிய வயது தனக்கு வரட்டும் என்று பல வருடம் கையில் வைத்திருந்து, 1992இல் படமாக்கினார். தன்னை வளர்த்த இயக்குநர்கள் செர்ஜியோ லியோனிக்கும் டான் சீகலுக்கும் அதைச் சமர்ப்பித்தார். வெஸ்டர்ன் படங்களை மட்டம் தட்ட வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. அந்தச் சுவையை முழுசாகக் கொடுத்துக்கொண்டே கணக்குக் கேட்கிறார்.

அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வயோமிங்கில் பிக் விஸ்கி என்ற சிற்றூர். மாட்டுக்காரன் ஒருவன் மதுக்கூடத்தில் பாலியல் தொழில் செய்யும் டெலைலா என்ற பெண்ணின் முகத்தைக் கத்தியால் கிழிக்கிறான். ஷெரிஃப் முதலில் சாட்டையைத்தான் எடுக்கிறார். மதுக்கூட முதலாளி ஸ்கின்னி ஒப்பந்தத்தாளை நீட்டுகிறான்: இவளுக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன், என் சரக்கு கெட்டுப்போய்விட்டது. உடனே சாட்டை கீழே போகிறது. தீர்ப்பு, ஏழு குதிரைகள். அவையும் ஸ்கின்னிக்கு. நாங்கள் வேசிகளாக இருக்கலாம், குதிரைகள் இல்லை என்று அவளுடைய தோழி ஆலிஸ் கொதிக்கிறாள். பெண்கள் சேமிப்பைக் கொட்டி, அவனையும் கூட வந்தவனையும் கொல்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு அறிவிக்கிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சட்டம் அவர்களை ஆளாகவே மதிக்கவில்லை.

ஆனால் டெலைலாவிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்தப் படமே அதுதான்.

கத்தி பட்டது முகத்தில். செய்தி மன்னியிடம் வந்து சேரும்போது கண், காது, மார்பு எல்லாம் அறுபட்டுப் போயிருக்கிறது. அதை நண்பன் நெட்டிடம் சொல்லும்போது மன்னி விரல்களையும் சேர்த்துக்கொள்கிறான். ஏன் சேர்க்கிறான்? பன்றிகளுக்கு நோய், மனைவி இல்லை, இரண்டு பிள்ளைகள். அவன் போவது பணத்துக்கு. பணத்துக்காகக் கொல்லப் போகிறேன் என்று நண்பனிடம் வெறுமனே சொல்ல முடியவில்லை. கேட்டவுடன் நெட்டும் அவர்களுக்கு இது வேண்டும்தான் என்கிறான். துப்பாக்கி வீரர்களைப் புத்தகமாக்கும் பியூசாம்ப் மையில் செய்வதை இவர்கள் வாயால் செய்கிறார்கள்.

அப்புறம் டேவி வருகிற காட்சி. கத்தி பிடித்தவன் இவன் இல்லை, கூட வந்தவன். அபராதக் குதிரைகளை ஒப்படைத்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல குட்டி ஒன்றைத் தனியாக நிறுத்துகிறான். முதலாளிக்கு இல்லை, டெலைலாவுக்கு. பெண்கள் சேற்றை வாரி அடிக்கிறார்கள். முகம் போனவளுக்குக் குதிரைக்குட்டியா என்று ஆலிஸ் கத்துகிறாள். அந்த நேரத்தில் கேமரா டெலைலாவிடம் போகிறது. அவள் பேசுவதில்லை, சேறும் எறிவதில்லை. வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் இருந்தது என்றுதான் நான் அந்த முகத்தைப் படிக்கிறேன். முடிவெடுக்க அவளுக்கு இடமே இல்லை.

இரண்டு பேரில் குற்றம் குறைந்த அந்தப் பையன்தான் நீண்ட நேரம் துடித்துச் சாகிறான், தண்ணீர் கேட்டுக்கொண்டே. சுட்ட மன்னியே பாறைக்குப் பின்னாலிருந்து, அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள், சுட மாட்டோம் என்று கத்துகிறான்.

லிட்டில் பில் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. ஜீன் ஹாக்மன் ஆஸ்கர் வாங்கியதே அந்த மனிதனை இயல்பாக நடித்ததால்தான். ஆனால் டெலைலா விஷயத்தில் கீழே போட்ட சாட்டையை அவர் நெட்டின் முதுகில் எடுக்கிறார், நெட் செத்தே போகிறான். டேவியைச் சுட மனம் வராமல், வீடு திரும்பிக்கொண்டிருந்தவன் நெட். கறுப்பின மனிதன். படத்தில் அவன் நிறத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் அந்தச் சாட்டைக்கு எவ்வளவு பழைய வரலாறு என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லவும் தேவையில்லை.

இப்போது உங்கள் கைதட்டலுக்கு வருகிறேன். கடைசிச் சண்டை டெலைலாவுக்காக நடக்கவில்லை. நெட்டுக்காக, விஸ்கி குடித்துவிட்டு வந்தவன் சுடுகிறான். முதலில் விழும் ஸ்கின்னி கையில் ஆயுதமே இல்லை. 'இப்படிச் சாக நான் என்ன செய்தேன், வீடு கட்டிக்கொண்டிருந்தேன்' என்று லிட்டில் பில் சொல்ல, 'தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்கிறான் மன்னி. வீரவசனம் போல ஒலிக்கிறது. நெட்டுக்கும் டேவிக்கும்கூட அது அப்படியே பொருந்தும். அதனால் கொண்டாடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் தூங்காமல் கிடந்ததும் படம் செய்த வேலைதான்.

2013இல் லீ சாங்-இல் இதை ஜப்பானில் திரும்ப எடுத்தார். கென் வாட்டனாபே நடித்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்ஜி காலத்தில், வட ஜப்பான் தீவான ஹொக்கைடோவில் நடக்கிறது. அங்கே பூர்வகுடிகளான ஐனு மக்கள் மேல் நடந்த ஒடுக்குமுறையும் கதைக்குள் வருகிறது. முடிந்தால் அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.