கேள்வி-பதில்: போனிலேயே ஃபேக்டரியைப் பார்த்துவிட்டால் போதுமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். வெளிநாட்டு ஃபேக்டரியில் சரக்கு, அதைச் செக் செய்ய யாரும் நேரில் போகவில்லை, போன் போயிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தே போடுகிறேன்.

கே: சீனாவிலிருந்து டவல் ராடு இறக்கினேன். 304 ஸ்டீல் என்று சொல்லி, வீடியோ காலில் காந்தம் வைத்தும் காட்டினார்கள், ஒட்டவில்லை. இப்போது கஸ்டமர் வீடுகளில் எல்லாம் துரு. — ஹார்டுவேர் கடைக்காரர், சேலம்

ப: காந்த வித்தை நல்ல வித்தை. 304-லும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது, அதைவிட மலிவான, துருவை அவ்வளவு தாங்காத 202-லும் ஒட்டாது. 304-ல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-ல் 4 முதல் 6 சதவீதம்தான். மிச்சத்தை மாங்கனீஸ் போட்டு ஒப்பேற்றுவார்கள். கேமராவுக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. இதற்கென்றே எக்ஸ்.ஆர்.எஃப். கன் என்று கையில் பிடிக்கிற கருவி இருக்கிறது. ராடில் வைத்து அழுத்தினால் சில விநாடியில் எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் வந்துவிடும். அடுத்த முறை, நீங்கள் சொல்கிற பெட்டியிலிருந்து ராடை எடுப்பதில் தொடங்கி, எண் திரையில் வரும்வரை கேமராவை வேறு பக்கம் திருப்பக் கூடாது என்று கறாராகச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு, துருப்பிடித்த ராடு ஒன்றை லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்குங்கள். இன்வாய்ஸில் 304 என்று இருந்தால் அதை வைத்துப் பேசலாம். வாயால் சொன்னதை வைத்துப் பேச முடியாது. உங்களை ஏமாற்றிவிட்டார்கள், வருத்தம்தான். ஆனால் அந்தக் கஸ்டமர்களுக்கு மாற்றிக் கொடுத்தீர்களா என்பதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?

கே: பொம்மை இறக்கலாம் என்று இருக்கிறேன். ஃபேக்டரியை வீடியோவில் சுற்றிக் காட்டினார்கள், ஐரோப்பாவின் சி.இ. சர்டிஃபிகேட்டும் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். போதுமா? — மதுரை வாசகர்

ப: போதாது. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த வெளிநாட்டு ஃபேக்டரியே, இந்த முத்திரையைக் கொடுக்கிற பி.ஐ.எஸ். அமைப்பிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எண் இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கே: ஸ்கூல் சீசனுக்கு 3,000 பை ஆர்டர் கொடுத்திருக்கிறேன். ஆள் அனுப்பி இன்ஸ்பெக்ஷன் செய்ய ஒரு நாளைக்கு 300 டாலர் கேட்கிறார்கள். வீடியோ காலில் பார்த்தால் செலவே இல்லை என்கிறார் சப்ளையர். எது சரி? — மொத்த வியாபாரி, திருச்சி

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சப்ளையர் போனைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் சுற்றிக் காட்டுவது இன்ஸ்பெக்ஷன் அல்ல, பெண் பார்க்கும் படலம். எது முன்னால் வர வேண்டும், எது உள் அறையிலேயே இருக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். 2020-ல் கொரோனா வந்து விமானம் நின்றபோது பெரிய பெரிய இன்ஸ்பெக்ஷன் கம்பெனிகளே போனுக்கும் ஸ்மார்ட் கண்ணாடிக்கும் மாறின. வேறு வழியில்லாமல் செய்தது. விமானம் ஓடத் தொடங்கிய பிறகும் பலர் அதை விடவில்லை. காரணம் துல்லியம் இல்லை, செலவு.

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எனக்கு ஒரு கேள்விதான்: பெட்டியைத் தேர்ந்தெடுத்தது யார்? எத்தனை பிரித்துப் பார்க்க வேண்டும், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்பதற்கு உலகம் முழுக்க இந்தத் தொழிலில் வைத்திருக்கிற ஏ.க்யூ.எல். அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 3,000 பை லாட்டுக்கு வழக்கமான லெவலில் 125 பையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய குறைக்கு ஏ.க்யூ.எல். 2.5 என்று பேசியிருந்தால், குறையுள்ள பை 7 வரை லாட் பாஸ். 8 வந்தால் ஃபெயில். இந்தக் கணக்கு எல்லாமே அந்த 125-ம் கண்ணை மூடி எடுத்தவை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சப்ளையரே பொறுக்கி வைத்த 125 என்றால், அட்டவணையைக் கிழித்துப் போடலாம்.

போனை வைத்தே இதைச் சரியாகச் செய்ய முடியாதா? முடியும். சரக்கு முழுக்கத் தைத்து முடிந்து, முக்கால்வாசிக்கு மேல் பேக் ஆன பிறகுதான் கால் போட வேண்டும். பெட்டிக்கு 30 பை என்றால் 100 பெட்டி. அடுக்கை நாலு பக்கமும் காட்டச் சொல்லுங்கள், பெட்டி எண் தெரியட்டும். அந்த நிமிஷத்தில், முன்னாடியே சொல்லாமல், நீங்கள் பத்து எண்ணைச் சொல்லுங்கள். அடியில், சுவரோரம் இருக்கிற பெட்டிகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். டேப்பை வெட்டுவது கேமராவில் தெரிய வேண்டும். ஜிப்பை முழுக்க இழுத்து மூடித் திறக்கட்டும். பையில் எடை போட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பிடிக்கட்டும். தோள்பட்டை தையலை உள்பக்கம் திருப்பிக் காட்டட்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிள் ஒன்று உங்கள் மேஜையிலும் இன்னொன்று அங்கேயும் இருக்க வேண்டும்.

இப்படி 125 பை பார்க்க ஒரு நாள் ஓடிவிடும். நீங்களும் நாள் முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், அங்கேயும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் தருவது சப்ளையர்தானே? முதல் ஆர்டர் என்றால் 300 டாலரைக் கொடுத்து வெளி ஆளை அனுப்புங்கள். பைக்குப் பத்து ரூபாய்கூட வராது. இரண்டு மூன்று ஆர்டர் ஒழுங்காக வந்த பிறகு, ரிப்பீட் சரக்குக்குப் போனை வைத்துக்கொள்ளலாம்.

ஒரு புலம்பல். ஆறு கோணத்தில் படம் போட்டிருந்த ஒரு சூட்கேஸை ஆசைப்பட்டு வாங்கினேன். எழும்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் சக்கரம் தனியாக இறங்கிப் போனது. அந்த ஆறு கோணத்தில் அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை.

கே: நாங்கள் ஏற்றுமதி செய்கிறவர்கள். பையர் இப்போது தரம் பார்க்கிற கியூசி ஆளை அனுப்புவதில்லை. நாங்களே செக் செய்து, நேரமும் இடமும் பதிவாகிற செயலியில் போட்டோ ஏற்ற வேண்டும். போட்டோவில் மெரூன் கலர் பிரவுனாகத் தெரிகிறது என்று போன ஷிப்மெண்டில் பணம் பிடித்தார்கள். துணி சரியாகத்தான் இருந்தது. — மெர்ச்சண்டைசர், கரூர்

ப: உங்கள் பக்கம்தான் நான். அவர்கள் செலவை உங்கள் தலையில் கட்டிவிட்டு, வருகிற பழியையும் உங்களிடமே விட்டுவிட்டார்கள்.

போன் கேமரா தானாகவே வெளிச்சத்துக்கு ஏற்ப வண்ணத்தை மாற்றிக்கொள்ளும். ஒரே துணியை ட்யூப்லைட்டில் எடுத்தால் ஒரு கலர், ஜன்னலோரம் எடுத்தால் வேறு கலர். அதனால் போட்டோவை, கலர் பார்க்கிற லைட் பாக்ஸில், டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். பையர் அப்ரூவ் செய்த துணித் துண்டை, அதாவது ஸ்வாட்ச்சையும் அதே ஃபிரேமில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து பிரவுனாகத் தெரிந்தால் குற்றம் கேமராவுடையது என்பது யாருக்கும் புரியும். இதைவிட முக்கியமானது, அடுத்த ஆர்டரில் ஒரு வரி எழுதி வாங்குவது: கலர் தகராறு வந்தால், கலரை எண்ணாக அளக்கிற ஸ்பெக்ட்ரோ கருவியின் ரீடிங்கும், கூரியரில் போன ஷேட் பேண்டும் (எந்தக் கலர் வரை ஏற்கலாம் என்று காட்டுகிற துணித் துண்டுகள்)தான் முடிவு, போட்டோ அல்ல. பிடித்த பணத்துக்கு, லாட்டில் மிச்சம் வைத்த துணியை ஸ்பெக்ட்ரோவில் வைத்து ரீடிங்கோடு மெயில் போடுங்கள். சும்மா விடாதீர்கள்.

கே: நிட்டிங் மெஷினில் ஏ.ஐ. கேமரா மாட்டினால் செக்கிங் ஆளே வேண்டாம் என்கிறார்களே? — திருப்பூர்

ப: ஓட்டை, நீடில் லைன் (ஊசிக் கோளாறால் துணியில் விழும் கோடு), லைக்ரா கட் (இழுபடும் நூல் அறுந்த இடம்), ஆயில் கறை, இவற்றை மனுஷக் கண்ணைவிட நன்றாகப் பிடிக்கும், சலிக்காமலும் பிடிக்கும். துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்பது அதற்குத் தெரியாது. ஆளை அனுப்பிவிடாதீர்கள்.

கே: சப்ளையர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வீடியோவில் பெரிய ஃபேக்டரி காட்டினார். முழுப் பணத்தையும் அட்வான்ஸாக அனுப்பினேன். அவர் கொடுத்தது தனிநபர் கணக்கு. இப்போது போன் எடுப்பதில்லை. கன்ஸ்யூமர் கோர்ட் போகலாமா? — பெயர் வேண்டாம்

ப: கம்பெனி ஒரு பெயர், வங்கிக் கணக்கு இன்னொரு பெயர். அதைப் பார்த்த பிறகும் பட்டனை அழுத்தினீர்களா?

திரும்ப விற்பதற்கு வாங்கியவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்வதில்லை. உடனே 1930-க்கு அடித்து சைபர் புகார் கொடுங்கள், உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: சீன கம்பெனி ஒவ்வொன்றுக்கும் 18 இலக்கப் பதிவு எண் உண்டு. வீடியோவில் வாசல் போர்டையும் சுவரில் மாட்டியிருக்கிற லைசென்ஸையும் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணில் இருக்கிற கம்பெனியின் கணக்குக்கு மட்டும் பணம் போடுங்கள், அதுவும் 30 சதவீதம். மிச்சம் இன்ஸ்பெக்ஷன் முடிந்த பிறகு. வங்கி வழியாகப் பணம் தருகிற எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) போட்டால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வங்கி பார்ப்பது பேப்பரை, சரக்கை அல்ல.

கே: மருந்து ஃபேக்டரிகளையும் இப்படிப் போனில்தான் பார்க்கிறார்களா? பயமாக இருக்கிறது. — ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

ப: கொரோனா காலத்தில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு வழி செய்தது. 2021 ஏப்ரலில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆனால் அதை நேரடி இன்ஸ்பெக்ஷனுக்குச் சமமாக அது வைக்கவில்லை. உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. சென்னைக்கு அருகே தயாரான கண் சொட்டு மருந்தால் 2022-23-ல் அமெரிக்காவில் 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். எஃப்.டி.ஏ. முதலில் ஆவணம் கேட்டது, ஒழுங்கான பதில் வரவில்லை. ஆட்கள் நேரில் போய்ப் பார்த்தபோதுதான் உள்ளே சுத்தம் என்ன லட்சணத்தில் இருந்தது என்பது வெளியே வந்தது.

கே: 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். என் போனை ஒரு தடவைகூட முழுசாக ஏற்றவில்லை. கடைக்காரர் மாற்ற மறுக்கிறார். — கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

ப: என் அலமாரியிலும் அதே மாதிரி ஒன்று கிடக்கிறது, கல் மாதிரி கனம். பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். மேலே ஆர் என்று தொடங்கும் எண் இருக்கிறதா பார்த்து, பி.ஐ.எஸ். கேரில் போடுங்கள். எண் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி பெயர் வந்தாலும் படம் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுங்கள். நீங்கள் அசல் நுகர்வோர், சட்டம் உங்கள் பக்கம். பில் இருக்கிறதல்லவா?

கே: வீடியோ இன்ஸ்பெக்ஷன் நடுவில் கால் கட் ஆகிக்கொண்டே இருக்கிறது. நெட்வொர்க் என்கிறார்கள். நம்பலாமா? — கோவை

ப: பாதி நம்பலாம். சீனாவில் வாட்ஸப் ஓடாது, அவர்கள் வி.பி.என். போட்டுத்தான் வருகிறார்கள். அவர்களுடைய வீசாட்டை 2020 ஜூனில் இங்கே தடை செய்துவிட்டோம். கட் ஆகத்தான் செய்யும். ஆனால் கால் திரும்ப வந்ததும் பழைய பெட்டியில் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். புது எண் சொல்லுங்கள். புது எண் சொல்கிற ஒவ்வொரு முறையும் கட் ஆனால், பேலன்ஸை அனுப்பாமல் ஆளை அனுப்புங்கள்.