பழைய பித்தளை, செம்புச் சாமான்களை மீன் தொட்டிக்குள் வைக்கலாமா?

புதிதாக மீன் தொட்டி வாங்கியிருப்பதாகவும், வீட்டிலிருக்கும் பழைய பித்தளை, செம்புச் சாமான்களையும் ராமேசுவரத்தில் பொறுக்கிய சிப்பிகளையும் அதில் அலங்காரமாக வைக்கலாமா என்றும், மீன்கள் ஒளிய இடம் அவசியமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உலோகம் எதையும் வைக்காதீர்கள். ஒளிவிடம் கட்டாயம் வேண்டும். இவ்வளவுதான் பதில். இதற்கு மேல் நான் எழுதுவது, காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்திலேயே இதே கேள்வி ஒரு மனத்தாங்கலில் போய் முடிந்த காரணத்தால்தான். நான் மீன்வளம் படித்தவன் அல்லன். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன்.

அயித்தானுடைய (எங்கள் பக்கத்தில் அக்காள் கணவர்) அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, ஆச்சி (அக்காள்) வீட்டு முகப்பில் நான்கடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தார்கள். வருகிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் செட்டிநாடு என்று சொல்லவேண்டும் என்பது அயித்தானின் ஆசை. அதனால் அடியில் உடைந்த ஆத்தங்குடித் தரைக்கற்கள், நடுவில் ஒரு செம்புக் குடம், இருபுறமும் சிறிய பித்தளைக் குத்துவிளக்குகள், ஓரத்தில் விளிம்பு பெயர்ந்த பழைய எனாமல் கிண்ணம் என்று அடுக்கினார்கள். போதாக்குறைக்கு, செம்பையும் பித்தளையையும் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். களிம்பும் கறுப்பும் போய்ப் புது உலோகம் வெளியே தெரிந்தால் தண்ணீரில் கரைவதற்கு அது இன்னும் வசதி. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, “செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லதென்று ஊரே குடிக்கிறது, மீனுக்கு மட்டும் ஆகாதா?” என்று கேட்டார் அயித்தான். வீட்டு மாப்பிள்ளையிடம் அதற்கு மேல் எப்படி வாதாடுவது?

ஆனால் உங்களிடம் சொல்லலாம். நாம் செம்புத் தண்ணீரைக் குடிக்கிறோம்; மீன் அதற்குள்ளேயே மூச்சு விடுகிறது. செவுளில் அதன் இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இருப்பது மிக மெல்லிய ஒரு தோல்தான். கரைந்த செம்பு அந்தத் தோலைப் பழுதாக்கி, உடலில் உப்பின் சமநிலையையும் குலைத்துவிடும். நத்தைக்கும் இறாலுக்கும் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. நத்தையைக் கொல்லவே செம்பின் உப்பான மயில்துத்தத்தைப் போடுகிறார்கள் அல்லவா? பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, ஆகவே அதுவும் விலக்குத்தான். மீன் நோய்க்குச் செம்பு மருந்து கொடுக்கிறார்களே என்று யாராவது கேட்கக்கூடும். அது அளந்து, சோதித்துக் கொடுப்பது. பல வருடமாக என் தொட்டியில் பித்தளை கிடக்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்பவர்களும் வருவார்கள். அவர்கள் தண்ணீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினத் தண்ணீராக இருக்கலாம். அதில் செம்பின் வீரியம் சற்று அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

ஆத்தங்குடிக் கல்லின் கதை வேறு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்துச் செய்வது அது. தண்ணீரில் கிடந்தால் சுண்ணாம்பு இறங்கிக் காரத்தன்மை ஏறும். எனாமல் பெயர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு.

விசேஷம் முடிந்த சில நாட்களில், கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, மூடியை இறுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. டெட்ரா என்னும் சிறு மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஆச்சி கூப்பிட்டனுப்பினாள். நான் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பாதித் தண்ணீரை மாற்றி, வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் (கரைந்ததை உறிஞ்சும் கரி) போட்டேன். மீன்கள் பெரும்பாலும் பிழைத்தன, நத்தைகள் பிழைக்கவில்லை.

பிறகு உள்ளே வைத்தவை மூன்றே பொருட்கள்தான்: வண்ணமோ மெருகோ பூசாத மானாமதுரை மண்சட்டி, உடைந்துபோன அம்மியின் கருங்கல் துண்டுகள், நாரெல்லாம் சுரண்டி வேகவைத்த தேங்காய்ச் சிரட்டை. சட்டியின் வாய் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சை அதன்மேல் இழுத்துப் பார்த்தேன். ஒரு இழை சிக்கினாலும் மீனின் துடுப்புக் கிழியும் என்று பொருள். பின்பக்கத்திலும் ஒரு துளை போட்டேன், ஏனென்றால் ஒரே வாசல் உள்ள பொந்துக்குள் முரட்டு மீன் ஒன்று சிறிய மீனை மடக்கிவிடும். துளை மீன் தாராளமாகப் போய்வரும் அளவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நுழையவே முடியாத அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதில்தான் மீன் சிக்கிச் சாகும். சோப்புப் போடாமல் கழுவி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். கற்களைத் தொட்டியின் தரையில் நேராக வைத்துவிட்டு அதன் பிறகே மணலைக் கொட்ட வேண்டும்; மணலின் மேல் வைத்தால் தோண்டுகிற மீன் கல்லைச் சாய்த்துவிடும். சிரட்டையால் தண்ணீர் சற்றுப் பழுப்பாகும், அதனால் கெடுதல் இல்லை.

உடைந்த சட்டியையா விருந்தாளிக்குக் காட்டுவது என்று அயித்தானுக்கு வருத்தம். ஆனால் மூலையில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள் இப்போது நடுத்தொட்டியில் திரிகின்றன. ஓடி ஒளிய இடம் பக்கத்தில் இருப்பது தெரிந்தால்தான் மீன் வெளியே வரும். இதைச் சொல்லாத கடைக்காரர்கள், வண்ணம் உரியும் கோட்டை பொம்மையை நம் தலையில் கட்டுகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர், கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் குட்டியாகவே இருக்கும் என்று வேறு சொல்லி விற்றார். அது ஓர் அடிக்கு மேல் வளரும். இன்று நுழைகிற பொந்து நாளை அதற்கு எமன்.

உங்கள் சிப்பிகளின் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். சுண்ணாம்புச் சத்து கரைந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும் என்பதற்கு அதுவே அறிகுறி. கடினத் தண்ணீரில் வாழும் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரி மீன்கள் வளர்த்தால் அது நல்லதே. மென்மையான தண்ணீர் வேண்டும் டெட்ரா போன்றவற்றுக்கு ஆகாது, அதிலும் எங்களைப் போல உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் சிப்பியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்வதே சரி.