ஆபீஸ்ல சுகர் இருக்குன்னு எப்போ சொல்றது? தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீ கேட்டது இதுதானே. 14 வயசுல இருந்து டைப் 1 சுகர், தினம் நாலு இன்சுலின் ஊசி, அடுத்த மாசம் மான்செஸ்டர்ல வேலைக்கு சேரப் போற, கம்பெனி அனுப்புன ஃபார்ம்ல உடம்பு சம்பந்தமா எதாவது சொல்ல விரும்புறீங்களான்னு ஒரு கேள்வி, வீட்ல "வாயத் தொறக்காத, வேலையே போயிரும்"ங்கறாங்க. நானும் டைப் 1தான். இங்க வந்து 13 வருஷம் ஆச்சு, அதுல மொத ஒன்றரை வருஷம் உங்க வீட்ல சொல்ற மாதிரியேதான் வாயத் தொறக்காம இருந்தேன்.

மூக்குக்கண்ணாடி டப்பாக்குள்ள இன்சுலின் பேனாவ ஒளிச்சு வச்சு, மத்தியானம் டாய்லெட்டுக்குள்ள போய் கதவ சாத்திட்டு, சட்டை நுனிய வாயில கவ்விக்கிட்டு வயித்துல குத்திக்குவேன். ஒருநாள் அப்படி ஊசி போட்டுட்டு சாப்பாட்டு டப்பாவ தொறக்கப் போறேன், அவசர மீட்டிங்னு கூப்பிட்டுட்டாங்க, அஞ்சு நிமிஷம் சாப்பிட்டு வரேன்னு சொல்லக் கூச்சம். முக்கால் மணி நேரத்துல சுகர் இறங்கி மூஞ்சி பூரா வேர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம ஏதோ உளறிருக்கேன். வெளிய வந்து பாத்தா மீட்டர்ல 2.6, நம்ம ஊர் கணக்குல 47. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டாரு. குடிச்சிட்டு வந்தியான்னு நேரா கேக்கல, அதையே சுத்தி வளைச்சு கேட்டாரு. எனக்கு கோவம்னா கோவம், ஆனா யோசிச்சா அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்?

இங்கதான் டிஸ்க்ளோஷர், அதாவது வியாதிய நாமளே சொல்றதுங்கற வார்த்தைய நாம தப்பா எடுத்துக்கறோம். நமக்கு அது ஏதோ குத்தத்த ஒத்துக்கற மாதிரி கேக்குது, ஊர்ல வியாதிய வெளிய சொன்னா கல்யாணப் பேச்சு நின்னுரும்ங்கற பயத்துலயே வளந்துட்டோம்ல. இங்க 2010 ஈக்வாலிட்டி ஆக்ட்படி, நீண்டநாள் நோய் இருக்கறவனுக்கு வேலை எடத்துல நியாயமான வசதி செஞ்சு குடுக்க வேண்டியது முதலாளியோட கடமை. ஆனா அவருக்குத் தெரியாது, தெரிஞ்சிருக்க வழியும் இல்லன்னா அந்தக் கடமையே கிடையாது. நீ சொன்ன அன்னைக்குத்தான் அது ஆரம்பிக்குது.

அதுக்காக இன்டர்வியூலயே கொட்ட வேண்டாம். ஆஃபர் குடுக்கறதுக்கு முன்னாடி உன் உடம்பப் பத்தி அவங்க கேக்கறதையே அதே சட்டம் பெரும்பாலும் தடுக்குது. வேலைக்கு அப்ளை பண்றப்ப இனம், மதம், பாலினம் மாதிரி வரிசையா கேக்குற சமத்துவக் கணக்கெடுப்பு ஃபார்ம் வேற, அது புள்ளிவிவரத்துக்கு, 'சொல்ல விரும்பவில்லை'ன்னு டிக் பண்ணிட்டுப் போலாம். உனக்கு இப்ப ஆஃபர் வந்தப்புறம் வந்திருக்கு, இந்தக் கட்டத்துல கேக்கலாம், ஆனா சுகர்ங்கற ஒரே காரணத்துக்காக ஆஃபர வாபஸ் வாங்குனா அது பாகுபாடு. சட்டம் இருக்குங்கறதால எல்லாரும் ஒழுங்கா நடப்பாங்கன்னு நான் நம்பல, அதனால கான்ட்ராக்ட்ல கையெழுத்து ஆகட்டும், சேர்ற வாரத்துல சொல்லு. நடுவுல அந்த ஃபார்ம் கேள்விக்கு 'இல்ல'ன்னு மட்டும் பொய்யா எழுதிறாத, பின்னாடி வியாதி பிரச்சனையா இருக்காது, அந்தப் பொய் பிரச்சனையாகும்.

என்ன சொல்றதுன்னு யோசிக்காத, ரெண்டு வரி போதும். "எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருக்கு, ஊசி போட்டா நேரத்துக்கு சாப்பிடணும், எப்பவாவது சுகர் இறங்குனா பத்து பதினஞ்சு நிமிஷம் வேணும்." ஈமெயில்ல எழுது, பதிவு இருக்கும். கணையம், ஆன்டிபாடி, தாத்தாவுக்கு இருந்துச்சான்னு எதுவும் வேண்டாம். ஹெச்ஆர் அத உன்னக் கேக்காம ஆபீஸ் பூரா பரப்பக் கூடாது. ஆனா பக்கத்து சீட்டுக்காரங்க ஒருத்தருக்காவது நீயே சொல்லிடு, ஜூஸ் எந்த டிராயர்ல இருக்குன்னு தெரியணும். வீட்டுலயும் கூட தங்குற பையனுக்கு அதே மாதிரி, ராத்திரி இறங்குனா அவன்தான் எழுப்பணும்.

வீட்டு ஓனருக்கு வேண்டியதில்ல. பொங்கல் விழாவுல சாம்பார் வாளியோட நின்னு "தம்பி ஏன் பாயசம் வேண்டாங்குற?"ன்னு தொளைக்கிற அக்காவுக்கு சத்தியமா வேண்டியதில்ல. கல்யாணம்னு பேச ஆரம்பிச்சா மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட மொதல்லயே சொல்லிடு, அதுல நான் எங்கம்மா பேச்சக் கேக்கல.

கார் விஷயத்துல உன் விருப்பம்னு ஒண்ணு கிடையாது. இன்சுலின் போடுறவங்க டிவிஎல்ஏகிட்ட, அதாவது இங்க லைசென்ஸ் குடுக்கற அரசு ஆபீஸ்கிட்ட, சொல்லியே ஆகணும், மறைச்சா 1,000 பவுண்டு வரைக்கும் அபராதம். சொன்னா லைசென்ஸ் தர மாட்டாங்கன்னு பயப்படாத, ஒரு வருஷம், ரெண்டு, மூணு வருஷம்னு குறுகிய கால லைசென்ஸா குடுத்து புதுப்பிக்கச் சொல்வாங்க. வண்டி எடுக்கறதுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள சுகர் பாக்கணும், நீளமான டிரைவ்னா ரெண்டு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. 5 அல்லது அதுக்குக் கீழன்னா ஏதாவது சாப்பிடு, 4க்குக் கீழ போனா ஓட்டவே கூடாது, சரியானப்புறமும் 45 நிமிஷம் காத்திரு. உன் ஊர் மீட்டர்ல வர்ற நம்பர 18ஆல வகுத்தா இந்தக் கணக்கு வரும். இன்சூரன்ஸ்காரன் கேட்டாலும் உண்மையச் சொல்லு, இல்லன்னா க்ளெய்ம் அன்னைக்கு கைய விரிச்சிருவான்.

ஜிபிகிட்ட, அதாவது உன் ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட, மொத வாரமே பதிவு பண்ணிட்டு எல்லாத்தையும் சொல்லு, அங்க மறைக்க ஒண்ணுமில்ல. இன்சுலின் போடுறவங்களுக்கு இங்கிலாந்துல மருந்துச்சீட்டு இலவசம், அதுக்கான விலக்குச் சான்றிதழ ஜிபி வழியா வாங்கிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு செல்லும். மொத அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் தாங்குற அளவு இன்சுலின டாக்டர் லெட்டரோட கைப்பையில வச்சுக்க, செக்கின் பெட்டியில போட்டா உறைஞ்சு வீணாப் போயிரலாம்.