சோமாலியாவின் இமான்: கேள்வி பதில்

வணக்கம். போட்டோ ஷூட்டுகளுக்கு மேக்கப் போடுவது என் தொழில். மாடல் இமானைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. ஒரே ஒரு வேண்டுகோள். இமான் வேறு, வாரிஸ் டிரீ வேறு. இருவரும் சோமாலியாவில் பிறந்தவர்கள், இருவரும் மாடல்கள். மற்றபடி இரண்டும் இரண்டு வாழ்க்கை. வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகளை நம்பி எதையும் கேட்காதீர்கள்.

கேள்வி: இமான் என்றால் நம்ம இசையமைப்பாளரா?

இல்லை. சோமாலியாவின் மாடல் இமான்.

கேள்வி: அக்கா, காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இமானை ஒரு போட்டோகிராபர் பார்த்து அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனாராமே?

முழுப் பொய். இதை விரிவாகவே சொல்கிறேன்.

இமான் 1955-ல் மொகதிஷுவில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஸாரா. அப்பா சவூதியில் சோமாலியாவின் தூதராக இருந்தவர், அம்மா மகளிர் மருத்துவர். சின்ன வயதிலேயே மகளை எகிப்தில் விடுதிப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்தார்கள். 1969-ல் சோமாலியாவின் ராணுவத் தளபதி சியாத் பாரே ஆட்சியைப் பிடித்தார். பிறகு குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கென்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1975-ல் நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்த இமானைத் தெருவில் பார்த்தவர்தான் பீட்டர் பியர்ட், அமெரிக்கப் புகைப்படக்காரர். படம் எடுக்கலாமா என்று கேட்டவரிடம், எவ்வளவு தருவீர்கள் என்று இமான் பேரம் பேசினார். கேட்ட தொகை கல்லூரிக் கட்டணம், 8,000 டாலர். அவரும் கொடுத்தார்.

அதே வருடம் நியூயார்க்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். கால்நடை மேய்க்கும் நாடோடிப் பெண், ஆங்கிலம் தெரியாது என்று பியர்ட் கட்டிவிட்ட கதை அங்கே ஓடியது. நடுவில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கோ சோமாலி, அரபு, இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கிலம் என ஐந்து மொழி தெரியும்.

கேள்வி: பாலைவனத்தில் நடந்தே தப்பி ஓடியது இவர்தானே?

இல்லை, அது வாரிஸ் டிரீ. இருவரும் வேறு வேறு ஆள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பொய்யோ மெய்யோ, அந்தக் கதை இல்லாவிட்டால் நியூயார்க்கில் யார் இவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? விளம்பரத்தில் இதெல்லாம் சகஜம்தானே?

சகஜம் என்று விட முடியாது, தம்பி. அந்தக் கதையில் யார் பெரிய ஆள் என்று பாருங்கள். போட்டோகிராபர். அவர் போய்த் தேடினார், அவர் மீட்டார், அவர் உருவாக்கினார். பேரம் பேசிக் கட்டணத்தை வாங்கிய மாணவி அந்தக் கதையில் இல்லவே இல்லை. அம்மாவின் மருத்துவப் படிப்பும் அப்பாவின் பதவியும் காணாமல் போயின.

கேள்வி (அதே நண்பர்): அவரே வாயைத் திறக்கவில்லையே. லாபம் அவருக்கும்தானே?

இருபது வயது. நாட்டை இழந்து வந்த குடும்பம். தெரியாத ஊர், சுற்றிலும் கேமரா. அந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன பேசியிருப்போம்? ஆனால் அவர் கடைசிவரை சும்மா இருக்கவில்லை. தன் படிப்பையும் குடும்பத்தையும் பற்றிப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஐம்பது வருடம் ஆகியும் நீங்கள் ஆட்டு மந்தையைத்தான் கேட்கிறீர்கள் என்றால், பொய் எவ்வளவு தூரம் ஓடும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (இன்னொருவர்): நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரிஸ் டிரீ நாடோடிக் குடும்பம் என்பது உண்மைதானே? அப்படியானால் அந்தக் கதையில் என்ன அவமானம்?

அவமானம் எதுவும் இல்லை. ஒட்டகமும் ஆடும் வளர்ப்பது சோமாலியர்களின் பெருமையான தொழில். என் கோபமே வேறு. வாரிஸ் டிரீ நிஜமாகவே நாடோடிக் குடும்பத்துப் பெண். சிறுவயதில் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு ஆளாகி, கட்டாயக் கல்யாணத்திலிருந்து தப்பி ஓடி, லண்டனில் வீட்டுவேலை செய்து மேலே வந்தவர். பின்னாளில் அந்தக் கொடுமைக்கு எதிராக ஐ.நா.வின் சிறப்புத் தூதராகவும் இருந்தார். இமான்மேல் ஒட்டிய பொய்க்கதை முன்னாலேயே ஓடிவிட்டதால், வாரிஸ் ரத்தமும் சதையுமாகச் சொன்னதையும் "இதுவும் அந்த மாதிரிக் கதைதான்" என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பொய் இரண்டு பெண்களின் உண்மையை மூடிவிட்டது. இதைச் சகஜம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த விவாதத்துக்கு இன்னும் ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறீர்கள், என் பதில் எல்லோருக்கும் இதுதான்.

கேள்வி: டேவிட் போவியின் மனைவிதானே?

ஆம். பிரிட்டிஷ் ராக் பாடகரான அவருடன் 1992-ல் கல்யாணம். 2016 ஜனவரியில் போவி காலமானார்.

கேள்வி: போவியை எப்படிச் சந்தித்தார்? குழந்தைகள் எத்தனை?

போவி பற்றி மட்டும் ஏகப்பட்ட கேள்விகள். இருவருக்கும் பொதுவான நண்பரான ஒரு முடியலங்காரக் கலைஞர் 1990-ல் அறிமுகம் செய்துவைத்தார். இருவருக்கும் 2000-ல் ஒரு மகள். அதற்கு முன்பு கூடைப்பந்து வீரர் ஸ்பென்சர் ஹேவுட்டுடன் மணவாழ்க்கை, அதிலும் ஒரு மகள். போவியைச் சந்திப்பதற்கு முன்பே, 1989-ல், இமான் மாடலிங்கை முடித்துக்கொண்டார். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் யீவ் சான் லோரான் தன் ஒரு ஆடைத் தொகுப்பையே இவரை மனதில் வைத்து உருவாக்கியதெல்லாம் அதற்கும் முந்தைய சங்கதி. இனி போவி கேள்விகளுக்குப் பதில் இல்லை.

கேள்வி: நீங்கள் மேக்கப் கலைஞர் என்பதால் கேட்கிறேன். இமானின் காஸ்மெடிக்ஸ் கம்பெனி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1976-ல் அமெரிக்க வோக் ஃபேஷன் பத்திரிகைக்கு இமானின் முதல் ஷூட். மேக்கப் போட வந்தவர், "உன் ஃபவுண்டேஷனைக் கொண்டுவந்திருக்கிறாயா?" என்று கேட்டார். ஃபவுண்டேஷன் என்பது தோல் நிறத்துக்கு ஏற்ப முகம் முழுக்கப் பூசும் அடிப்பூச்சு. வெள்ளைக்கார மாடலிடம் யாரும் கேட்காத கேள்வி. கையில் இருந்ததைப் பூசியதும் கண்ணாடியில் தெரிந்தது சாம்பல் நிற முகம்.

அது ஏன் என்று என் மேசையில் வைத்தே சொல்கிறேன். ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். கூடவே மறைக்கும் சக்திக்காக டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. வெளிர் நிறத்துக்குச் செய்த கலவையில் இந்த வெள்ளை அதிகம். அதில் கறுப்பை மட்டும் கூட்டி "டார்க் ஷேட்" என்று விற்றால், வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து என்ன ஆகும்? சாம்பல். ஆழ்ந்த நிறத் தோலுக்கு வெள்ளையைக் குறைத்து, சிவப்பையும் மஞ்சளையும் அந்தத் தோலுக்கு ஏற்ற அளவில் ஏற்ற வேண்டும். புறங்கையில் போட்டுப் பார்க்காதீர்கள். தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, காயவிட்டு, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாமல் போனால் அதுதான் உங்கள் ஷேட்.

இமான் கடையில் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் கலந்து, பூசி, உடனே படம் வெளிவரும் போலராய்டு கேமராவில் படம் எடுத்துப் பார்த்துத் தனக்கான கலவையைத் தானே தயாரித்தார். அதை ஷூட்டுகளுக்குக் கையோடு கொண்டுபோனார். அந்த அனுபவத்தில்தான் 1994-ல் கம்பெனி தொடங்கினார். கறுப்பினப் பெண்களுக்கு மட்டுமல்லாமல் ஆசிய, லத்தீன் பெண்களுக்கும் சேர்த்தே ஷேட் போட்டார்.

கேள்வி: முகம் வெள்ளையாக என்ன கிரீம் போடலாம்?

எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கிரீம் தோலை மெலிய வைத்துவிடும். தோல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் மகள் உயரமானவள். போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு ஏஜென்சி முன்பணம் கேட்கிறது, கட்டலாமா?

கட்டாதீர்கள். முறையான ஏஜென்சி, வேலை வாங்கிக் கொடுத்து அதில் கமிஷன் எடுக்கும்.

கேள்வி: மாடலிங்கை விட்ட பிறகு இமான் ஃபேஷன் உலகில் ஏதாவது செய்தாரா?

செய்தார். முன்னாள் மாடல் பெத்தான் ஹார்டிசன், மாடல் நவோமி கேம்பல் இருவரோடும் சேர்ந்து 2013-ல் குரல் கொடுத்தார். கறுப்பின மாடல் ஒருவரை மட்டும் மேடை ஏற்றிய, அல்லது ஒருவரைக்கூட ஏற்றாத டிசைனர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்குக் கடிதம் போனது. பேர் சொல்லி எழுதியதுதான் முக்கியம். பொதுவாகப் புலம்பியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. ஃபேஷனுக்கு வெளியேயும் செய்தார். 1992-ல் பஞ்சமும் போரும் நடந்த சமயத்தில் பிபிசி குழுவோடு சோமாலியாவுக்கே போய் ஆவணப்படம் எடுத்துவந்தார்.

கேள்வி: 'டெசர்ட் ஃப்ளவர்' படத்தில் நடித்தது இமான்தானே?

இல்லை. 2009-ல் வந்த அந்தப் படம் வாரிஸ் டிரீயின் வாழ்க்கை. அவராக நடித்தவர் லியா கெபெடே, எத்தியோப்பியாவில் பிறந்த மாடல். ஆக மூன்று பேர். லியாவைப் பற்றிக் கேட்க விரும்புபவர்கள் எழுதுங்கள், அடுத்த முறை அவரைப் பற்றியே பேசலாம்.