வயிற்றோட்டம் நின்று ஆறு கிழமை: வயிறு ஏன் இன்னும் வழமைக்குத் திரும்பவில்லை?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் வயல் செய்கிறேன். வயது 44. மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு சத்தியும் வயிற்றோட்டமும் வந்து ஐந்து நாளில் நின்றது. மருந்துக்கடையில் தந்த அன்ரிபயோட்டிக்கும் போட்டேன். ஆறு கிழமை ஆகியும் சாப்பிட்டவுடன் வயிறு ஊதி இரைகிறது. காலையில் இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகிறது. காய்ச்சல் இல்லை. கஸ்ரிக் என்று நினைத்து ஒமெப்ரசோல் தினமும் போடுகிறேன். கஞ்சியும் பால்தேநீரும்தான் சாப்பாடு. எப்போது சுகமாகும்?

பதில்: கிருமி ஐந்து நாளில் போயிருக்கலாம். அது கெடுத்துவிட்டுப் போன குடலுக்கு அந்த ஐந்து நாள் போதாது. சிறுகுடலின் உட்பரப்பில் விரல் போன்ற நுண்ணிய முளைகள் இருக்கின்றன, அவற்றை மூடிய கலங்கள் 3 முதல் 5 நாளுக்கொருமுறை புதிதாக வளரும். ஆனால் பாலின் சீனியான லக்ரோசைச் சமிக்கச் செய்யும் நொதியம் அந்த முளைகளின் நுனிப் பக்கத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. முளைகள் முழுதாக வளர்ந்து, நொதியம் பழைய அளவுக்கு வர 2 முதல் 4 கிழமை எடுக்கும், சிலருக்கு இன்னும் கூடும். எங்கள் ஆட்களில் பலருக்கு வளர்ந்த வயதில் அந்த நொதியம் ஏற்கெனவே குறைவு. அன்ரிபயோட்டிக் குடலின் நல்ல பக்ரீரியாக்களையும் கொன்றிருக்கும். அவை திரும்பப் பெருகச் சில கிழமைகள், சிலவேளை ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது உங்கள் பால்தேநீரைத்தான். 200 மில்லிலீற்றர் பாலில் ஏறக்குறைய 10 கிராம் லக்ரோஸ் இருக்கிறது. சமிக்காத லக்ரோஸ் பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது, நீரையும் இழுக்கிறது. நீங்கள் எழுதிய ஊதலும் இரைச்சலும் இளக்கமும் அப்படி வரக்கூடியவை. பால்மாவிலும் ரின்பாலிலும் அதே லக்ரோஸ்தான். ஆட்டுப்பால் இலேசானது என்று ஊரில் சொல்வார்கள், அதிலும் லக்ரோஸ் உண்டு. தேங்காய்ப்பாலில் இல்லை. நான்கு கிழமைக்கு வெறுந்தேநீர் குடியுங்கள், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். தயிரில் லக்ரோஸ் குறைவு, பகல் சோற்றோடு நாலைந்து மேசைக்கரண்டி போடலாம். பிறகு பாலைச் சாப்பாட்டுக்குப் பின் கால் கோப்பையில் தொடங்கி, மூன்று நாள் பார்த்துக் கூட்டுங்கள். கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் இந்த விதி பொருந்தாது. தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக்கூடாது.

கஞ்சி முதல் இரண்டு மூன்று நாளுக்குரிய சாப்பாடு. ஆறு கிழமையாக அதுவே என்றால் புரதம் போதாமல் குடல் ஆறுவதும் பிந்தும், வயலில் நிற்கப் பலமும் இருக்காது. குத்தரிசிச் சோறு அல்லது இடியப்பம், அவித்த முட்டை, தண்ணிக்குழம்பாக வைத்த குளத்து மீன், பூசணி, கரட், வாழைப்பழம் என்று இன்றிலிருந்தே சாப்பிடுங்கள். மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறையுங்கள். கௌபி, கடலை, கோவா, பலாப்பழம், நிறைய வெங்காயம், உள்ளி ஆகியவற்றை இரண்டு கிழமைக்கு ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாக மூன்று நாள் இடைவெளியில் சேருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. ஒடியல் கூழில் நார் அதிகம், இப்போதைக்கு விடுங்கள். கள்ளும் வேண்டாம்.

ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கும் மருந்து. குடலில் சேரும் வாயுவுக்கு அது உதவாது. வயிற்று அமிலம் கிருமிகளைத் தடுக்கும் வேலி, காரணமில்லாமல் அதைக் குறைத்தால் குடல் தொற்று வரும் வாய்ப்புக் கூடும். நெஞ்செரிவோ மேல்வயிற்று எரிவோ இல்லாமல், வைத்தியர் எழுதித் தராமல் போடுகிறீர்களானால் நிறுத்திவிடலாம். சில நாள், சிலவேளை சில கிழமை, அமிலம் கூடினதுபோல் இருக்கும், பிறகு அடங்கும்.

காலபோக அறுவடை நேரம் இது. இளக்கமாகப் போகும் உடம்போடு வெயிலில் நின்று, இடுப்பு வலிக்கு டைக்குளோபினக்கும் போட்டால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். வன்னியில் சிறுநீரக நோய் ஏற்கெனவே பலரை வாட்டுகிறது, இதில் கவனக்குறைவு வேண்டாம். வலிக்குப் பரசிற்றமோல் போதும். தண்ணீராகப் போகும் நாளில் ஜீவனி (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்) குடியுங்கள். ஒரு முழுப் பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் கட்டியாகக் கரைத்தால் உப்புக் கூடி உடம்புக்குக் கேடு, வயிற்றோட்டமும் கூடும்.

பால் நிறுத்தி இரண்டு கிழமையில் பெரும்பாலும் ஊதல் தெளிவாகக் குறையும். அப்படிக் குறையாமலும் பரிசோதனைகளில் எதுவும் இல்லாமலும் இருந்தால், தொற்றுக்குப் பின் குடல் கூச்சமடைந்துவிட்டது என்று கொள்ளலாம். இப்படியான தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது வருகிறது. மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். குடலை அரிக்கும் நோயல்ல, புற்றுநோயாகவும் மாறாது.

ஆனால் நான்கு கிழமையைத் தாண்டிய இளக்கத்தைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. வெள்ளத்துக்குப் பின் வந்ததால் நான் முதலில் தேடுவது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியை. கெட்ட நாற்றத்தோடு எண்ணெய்ப்பசையாகப் போவதும், கெட்ட வாடை ஏப்பமும், உடம்பு மெலிவதும் அதன் அடையாளம். பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அது போகாது. மெற்றோனிடசோல் அல்லது ரினிடசோல் தேவை, வைத்தியர் அளவு பார்த்துத் தருவார். அந்த மருந்து போடும் நாட்களில் மதுவைத் தொடக்கூடாது. கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தாலும் வழமையான அளவுக்குத் தடித்த உறைக்குள் இருக்கும் ஜியார்டியா தப்பிவிடக்கூடும், குடிநீரைக் குமிழி எழும்ப ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் இப்படி இருந்தால் அவர்களையும் பார்க்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், கறுத்த மலம், காய்ச்சல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், காரணமின்றி எடை குறைதல், தொடர்ந்த சத்தி, சிறுநீர் நன்றாகக் குறைதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அன்ரிபயோட்டிக் போட்டவருக்குக் காய்ச்சலோடு தண்ணீராகப் போகத் தொடங்கினாலும் அப்படியே.

இந்தக் கிழமையே அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் மலப் பரிசோதனை கேளுங்கள், அதோடு குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் சீனியும். மலத்தை வெவ்வேறு நாட்களில் மூன்று தரம் பார்ப்பது நல்லது. ஒட்டுண்ணி தினமும் வெளியேறாது, ஒரு தரம் இல்லையென்று வந்தால் அதை நம்ப முடியாது. மாதிரியைத் தண்ணீரோ சிறுநீரோ படாமல் மூடியுள்ள சுத்தமான போத்தலில் எடுத்து, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். அன்ரிபயோட்டிக்கின் வெறும் மட்டை வீட்டில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.