ஒரே அதிரனலின், வேறு வேறு வேலை: கலங்களின் செய்தி பற்றிக் கேள்வி பதில்

ஹட்டனில் ஏ.எல். (உயர்தர) மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். உடலின் கலங்கள் இரசாயனச் செய்திகளை எப்படி வாங்குகின்றன, வாங்கியபின் என்ன செய்கின்றன என்று யாரும் கேட்கலாம் என்றேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை. நான் டொக்டர் இல்லை. யாருக்கும் மருந்து சொல்ல மாட்டேன், யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லவும் மாட்டேன்.

பொகவந்தலாவை, ஏ.எல். மாணவி: டீச்சர், அதிரனலின் ஈரலில் குளுக்கோசை வெளியே விட வைக்கிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, தோலின் இரத்தக்குழாயைச் சுருக்குகிறது. ஒரே ஓமோன் எப்படி இத்தனையும் செய்யும்?

தங்கச்சி, இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள் என்று அம்மா சொல்வார். சத்தம் எல்லா லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கும்) ஒன்றுதான். அதைக் கேட்டுக் கொழுந்து பறிக்கிறவர் கூடையை எடுப்பார், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர் கத்தியை எடுப்பார், இன்னொருவர் பிள்ளைக் காம்பராவைத் திறக்கப் போவார். என்ன வேலை என்பது தப்பில் இல்லை, கேட்கிறவரிடம் இருக்கிறது.

அதிரனலினும் அப்படித்தான். செய்தி சொல்ல அது கலத்துக்குள் போகவேண்டியதே இல்லை. கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வில், செய்தியை வாங்குவதற்கென்று இருக்கும் வாங்கிப் புரதத்தில் வெளியே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தோலின் இரத்தக்குழாய்த் தசையில் பெரும்பாலும் அல்பா வாங்கி, அதனால் சுருங்கும். மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா 2 வாங்கி, அதனால் தளரும். ஒரே வாங்கி இருந்தாலும் கலத்துக்குள் இருக்கும் புரதங்கள் வேறென்றால் விளைவும் வேறாகும். பீட்டா 1 இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். அதே பீட்டா 1 சிறுநீரகத்தில் ரெனின் என்ற நொதியத்தை வெளியே விட வைக்கும்.

வெளியே ஒட்டியது உள்ளே எப்படித் தெரிகிறது? 1950களில் ஏர்ல் சதர்லாந்து என்ற அமெரிக்க விஞ்ஞானி ஈரல் கலங்களை உடைத்து, மென்சவ்வுத் துண்டுகளைத் தனியாகப் பிரித்து, அவற்றின் மேல் அதிரனலினை விட்டார். ஏதோ ஒன்று உண்டானது. அதைக் கொதிக்க வைத்தார். புரதமாக இருந்தால் கெட்டுப்போயிருக்கும், இது கெடவில்லை. மென்சவ்வே இல்லாத மீதிக் கலச்சாற்றில் அதை ஊற்றியதும், ஈரல் குளுக்கோசைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோசனை உடைக்கும் நொதியம் வேலை செய்யத் தொடங்கியது. சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற ‘இரண்டாம் தூதர்’ இப்படித்தான் அகப்பட்டது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாங்கிக்கும் அந்தத் தூதருக்கும் நடுவில் நின்று கைமாற்றிவிடும் ஜி புரதத்துக்காக 1994இல் கில்மனும் ரொட்பெல்லும் பரிசு பெற்றார்கள். இந்த வழியின் பல படிகளில் ஒன்று பலவாகிறது. அதனால்தான் இரத்தத்தில் மிகச் சொற்பமாக வரும் அதிரனலின் அவ்வளவு குளுக்கோசை வெளியே கொண்டுவருகிறது.

நுவரெலியா, மாணவன்: வாங்கியில் ஓமோன் பொருந்துவதைச் சாவி, பூட்டு என்று எழுதினால் மார்க்ஸ் கிடைக்குமா?

மார்க்ஸ் பற்றி உன் ஆசிரியரிடம் கேள். எது எதில் பொருந்தும் என்று விளங்க சாவி போதும். பொருந்திய பிறகு வாங்கி தன் வடிவத்தையே மாற்றிக்கொள்கிறது. அதை எழுதாவிட்டால் பாதிக் கதைதான்.

வெலிமடை, மரக்கறி விவசாயி: உருளைக்கிழங்குக்கு மருந்தடித்த அன்று கண் மங்கி, எச்சில் ஊறி, கை துடித்தது. இதுவும் உங்கள் பாடத்தில் வருமா அம்மா?

வரும் ஐயா. செய்தி வருவது எவ்வளவு முக்கியமோ, அது நிற்பதும் அவ்வளவு முக்கியம். நரம்பு அசற்றைல்கோலின் என்ற பொருளை விட்டுத்தான் தசையிடமும் சுரப்பியிடமும் பேசுகிறது. பேசி முடிந்ததும் ஒரு நொதியம் அதை உடனே உடைத்துவிடும். ஓகனோபொஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியத்தை முடக்குகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில், வியர்வை, சிறுத்த கண்மணி, தசைத் துடிப்பு எல்லாம் அதனால்தான். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அத்ரோபின், அசற்றைல்கோலின் ஒட்டும் வாங்கிகளில் ஒரு வகையை மறிக்கும். இனி அப்படி வந்தால் உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள்.

தலவாக்கலை: அம்மாவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் உடம்பில் இருக்கிறதாம், ஆனாலும் சீனி குறையவில்லை. ஏன்?

இன்சுலின் வாங்கியில் ஒட்டினால், தசைக் கலத்துக்குள் இருக்கும் குளுக்கோசுக் கதவுகள் மென்சவ்வுக்கு வரவேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் அந்த உள்வழி மந்தமாகிவிடுகிறது. ஒட்டினாலும் கதவுகள் போதுமான அளவு வருவதில்லை. தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே வேறு வழியால் அதே கதவுகள் மேலே வரும். அம்மாவை நடக்கச் சொல்வது அதற்காகத்தான். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கொட்டகலை: அப்பாவுக்குச் சீனி, பாகற்காய்ச்சாறு குடித்தால் மாத்திரையை விடலாமா?

கூடாது.

மஸ்கெலியா: சீனிக்கு மாத்திரையா நல்லது, ஊசியா?

இதே கேள்வி நான்காவது தடவை வருகிறது. கிளினிக்கில் உங்கள் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். சீனி பற்றி இனி வருபவற்றுக்கும் இதுதான் பதில்.

பதுளை: செடிகளுக்கும் இப்படிச் செய்தி உண்டா?

உண்டு, உங்கள் ஊர்த் தேயிலையிலேயே இருக்கிறது! ஊவாத் தேயிலையில் வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் வரும் அந்தக் குளிர்ந்த வாசனைக்கு மெதைல் சலிசிலேட் ஒரு முக்கிய காரணம். பல செடிகள் தாக்கப்படும்போது விடும் எச்சரிக்கைச் செய்தியும் அதே பொருள்தான்.

டிக்கோயா: தேத்தண்ணி குடித்தால் ஏன் தூக்கம் போகிறது?

களைப்பைச் சொல்லும் அடினோசின் ஒட்டவேண்டிய வாங்கியில் கபெயின் போய் உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு போகவில்லை, செய்தி மறிக்கப்பட்டிருக்கிறது.

நோர்வூட்: குளவி கொட்டினால் சிலருக்கு ஏன் உயிரே போகிறது?

கொட்டிய நஞ்சை உடல் முன்பே ஒருமுறை கண்டு, அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை மாஸ்ட் கலங்கள் என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் மேல் ஒட்டி வைத்திருக்கும். மறுபடி கொட்டும்போது அக்கலங்கள் ஹிஸ்டமின் என்ற செய்திப்பொருளையும் வேறு பொருள்களையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுகின்றன. இரத்தக்குழாய்ச் சுவர்க் கலங்கள் விலகி நீர் கசியும், பிரசர் விழும், மூச்சுக்குழாய் இறுகும். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் நிறையக் கொட்டு விழுந்தால் நஞ்சின் அளவே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

அதே தோட்டத்து ஓய்வுபெற்ற கங்காணி: நாற்பது வருசம் மலையில் நின்றவன் நான். சுண்ணாம்பு தடவினால் இறங்கிவிடும் டீச்சர். புத்தகத்தில் எல்லாம் இருக்காது.

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஒரு கொட்டு, ஒவ்வாமை இல்லாத உடம்பு என்றால் ஒன்றுமே தடவாவிட்டாலும் வீக்கம் இறங்கும். நஞ்சு தோலுக்குக் கீழே போய்விட்டது, மேலே தடவும் சுண்ணாம்பு அதைத் தொடுவதில்லை. தோலைத்தான் புண்ணாக்கும்.

எனக்குப் பதினொரு வயதில் அம்மாவைக் கொழுந்து மலையில் குளவி கொட்டியது. கொங்காணி தலையிலேயே இருந்தது, உதடு தடித்துவிட்டது, “மூச்சு எடுக்க முடியல” என்றார். சுண்ணாம்பு தேடி மூன்று பேர் லயத்துக்கு ஓடினார்கள். லொறி வர முக்கால் மணி நேரம். அம்மா பிழைத்தார். அவரோடு நிரையில் நின்ற பக்கத்து லயத்து அத்தை பிழைக்கவில்லை. சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது என் குரல் உயர்வது அதனால்தான்.

டிஸ்பென்சரி உதவியாளர் ஒருவர்: நாங்கள் பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுக்கிறோம். அது ஹிஸ்டமினைத் தடுக்கும்தானே?

ஹிஸ்டமினின் ஒரு வாங்கியைத்தான் மறிக்கும். அரிப்புக்கும் தடிப்புக்கும் உதவும். விழுந்த பிரசரைத் தூக்காது, இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. அதற்கு வேண்டியது அதிரனலின் ஊசி. முதல் கேள்வியில் சொன்ன எல்லா வாங்கிகளிலும் அது ஒரே நேரத்தில் ஒட்டும். அல்பாவால் குழாய் இறுகிப் பிரசர் ஏறும், பீட்டா 2ஆல் மூச்சு திறக்கும், மாஸ்ட் கலங்களும் மேலும் கொட்டாமல் அடங்கும். பிரிட்டோன் பிறகு கொடுக்கலாம், அது வேலை செய்யட்டும் என்று ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

கங்காணி ஐயா மறுபடி: சரி. மலையில் நிற்கிறவர்கள் என்ன செய்வது?

முதலில் அந்த இடத்தை விட்டு எல்லோரும் தள்ளிப் போகவேண்டும். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுப்பி நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். அப்படியே வண்டியில் ஏற்றுங்கள்.

நோர்வூட், முதலில் கேட்டவர்: எங்கள் டிஸ்பென்சரியில் அந்த ஊசி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

“அதிரனலின், ஆயிரத்தில் ஒன்று” என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு அரை மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்கத் தசையில், பயிற்சி உள்ளவர் போடவேண்டும். குறையாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தேவைப்படலாம், ஆகவே ஒன்றுக்கு மேல் இருக்கவேண்டும். குப்பியைக் கையில் வாங்கி முடிவுத் திகதியைப் பாருங்கள். கொட்டு விழும் நாளில் அல்ல, இந்த வாரமே போய்க் கேளுங்கள். கங்காணி ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்டால் பதில் சொல்வார்கள்.